என் மருமகளின் பித்தளை வேகன்

என் மருமகளை யாராவது குறை சொன்னால் எனக்கு ஆகாது. குறை சொல்வதற்கென்று வீட்டிலேயே நான் ஒருத்தி இருக்கிறேன், வெளியாள் எதற்கு? இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் கதை முடிவதற்குள் அவளை நான் நிறையத் திட்டியிருப்பேன்.

கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே நான்தான். முகத்துக்கு நேராகவே வைத்தேன், அவளும் சிரித்துக்கொண்டாள். நானோ டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் கத்திக் கத்திப் பேசி ஓய்வு பெற்றவள். இரண்டு வீடு தள்ளி இருப்பவர்களுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரிய வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் அவளுக்கு வேலை. ஃப்ரேமில் லென்ஸ் பொருத்துவது, மேலே உட்கார்ந்து நசுக்கிக் கொண்டுவருகிறவர்களின் கண்ணாடிக் காம்பை நிமிர்த்துவது, கண்ணுக்கே தெரியாத திருகாணியை இடுக்கியால் எடுத்து முடுக்குவது. வேலை முடிந்ததும் கண்ணாடியை மேஜைமேல் கவிழ்த்து வைத்து ஒரு மூலையில் விரலால் தட்டுவாள். துளி ஆடினாலும் திரும்பக் கையில் எடுத்துவிடுவாள். ஆடுகிற கண்ணாடி கடைப் படியைத் தாண்டக் கூடாது என்பது அவள் சட்டம். என் கண்ணாடியைக்கூட அப்படித்தான் தட்டிப் பார்த்துத் தருவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவள் ஸ்கூட்டரில் வேலைக்குப் போகிற வழியில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. கேட் விழுந்தால் நின்றிருக்கும் அத்தனை பேரும் ரயிலைச் சபிப்பார்கள். ஒருநாள் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சரக்கு ரயில் ஒன்று, வாலே இல்லாதது போலப் போய்க்கொண்டே இருந்தது. இவள் வண்டியை அணைத்துவிட்டு, "அத்தை, இது மூடின வேகன். அடுத்தது எண்ணெய் டாங்கி. சக்கரத்துக்குப் பக்கத்துல நீளமா ஒரு கம்பி தொங்குது பாருங்க, அது பிரேக் நெம்புகோல். இந்த வேகனுக்குக் கதவு பழைய மாடல்" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டு போனாள். நான் வாயைப் பிளந்துவிட்டேன். ஒரு மாதம் முழுக்க வீட்டில் பேசாததை அந்தக் கேட்டில் பேசி முடித்தாள். அடிப்பாவி, இவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லையே!

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அவள் கடைக்கு எதிரில் சைக்கிள் கடை, அதற்கு மேல்மாடியில் ஒரு ஹால். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்சம் பேர் கூடிப் பொம்மை ரயில் விடுகிறார்கள். பொம்மை என்று நான் சொல்வேன், அவர்கள் காதில் விழுந்தால் சண்டைக்கு வருவார்கள். பலகை மேஜைகளை வரிசையாகப் போட்டு, சுற்றிலும் தண்டவாளம், பாலம், சிக்னல் எல்லாம் வைத்து, நிஜம்போலவே நடத்துகிறார்கள். சங்கத்துக்குச் செயலாளர், நிஜ சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அவர் கார்டு சார். தன் மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மிதித்து உடைத்து இவளிடம்தான் கொண்டுவருவார், அந்தப் பழக்கம்.

வேடிக்கை பார்க்க யாரும் போகலாம். ஆனால் உறுப்பினராக வேண்டுமென்றால் ஒரு விதி உண்டு. பித்தளைத் தகட்டில் வருகிற, கிட் என்கிற உதிரிப்பாகத் தொகுப்பை வாங்கி, சொந்தக் கையால் பற்றவைத்து ஒரு வேகன் கட்ட வேண்டும். ஊரையே அழைக்கிற திறப்பு நாளில் அந்த வேகனை நீள ரயிலில் இணைப்பார்கள். தடம் புரளாமல் முழுச் சுற்றும் வந்துவிட்டால் உறுப்பினர். ஹால் சாவி கிடைக்கும், ரயிலை ஓட்ட நம் முறையும் வரும். விழுந்துவிட்டால் அடுத்த வருஷம்தான்.

"எனக்கு ஓட்டணும், அத்தை" என்றாள்.

இந்த வீட்டுக்கு வந்து அவள் வாயைத் திறந்து எனக்கு இது வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். புடவை கேட்டதில்லை, ஊர்சுற்றக் கேட்டதில்லை. பார்சல் வந்தபோது அதனால்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிரித்துப் பார்த்தால் பப்படம் போலத் தட்டையாக ஒரு பித்தளைத் தகடு, நாலு சக்கரம், ஒரு பொட்டலத்தில் ஏதோ துணுக்குகள், ஒரு செய்முறைக் காகிதம். என் மகன் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதுல வண்டி எங்கம்மா இருக்கு?" என்றான். எனக்கு மட்டும் தெரியுமா?

வண்டி அதற்குள்தான் இருந்தது. பக்கவாட்டுச் சுவர், கதவு, படிக்கட்டு, அச்சைத் தாங்குகிற கால் எல்லாம் தகட்டிலேயே வெட்டப்பட்டு, மெல்லிய காம்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, பிசிரை அரத்தால் ராவி, மடிக்க வேண்டிய கோட்டில் குறடால் பிடித்து மடித்தாள். கோடு மடிப்புக்கு உள்பக்கம் வர வேண்டுமாம். மாற்றி மடித்தால் தகடு முறிந்துபோகும். பிறகு ஈயம் ஒட்டுவதற்காக பிளக்ஸ் என்று ஒரு திரவத்தைத் தடவி, சூட்டுக்கோலின் நுனியில் துளி ஈயத்தை எடுத்துத் தொடுவாள். புகை வரும். சூடு போதவில்லையென்றால் ஈயம் மூக்குச்சளி மாதிரி உருண்டு நிற்கும். சரியான சூட்டில் பளிச்சென்று இடுக்குக்குள் தானே ஓடிப்போகும். ஓடினால் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், என் மகனைப் பார்த்துக்கூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் பாடுதான் திண்டாட்டம். கொடியில் துணி காயப்போடப் போனால் ஒரு கிளிப்பும் இருக்காது. எல்லாம் அவள் மேஜையில் வேகனின் சுவரைக் கவ்விக்கொண்டு நிற்கும். சாப்பாட்டு மேஜையில் கறுப்பாக ஒரு சூட்டுத் தழும்பு. "என் வீட்டை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆக்கிட்டியேடி!" என்று கத்தினேன். "ஆமா அத்தை" என்றாள்.

ஆனால் கட்டி முடித்தபோது என் கண்ணே பட்டுவிடும் போல இருந்தது. உள்ளங்கை அளவு வேகன். கதவில் தாழ்ப்பாள்கூட இருந்தது. திறப்பு நாளுக்கு முந்தைய ஞாயிறு ஒத்திகை. நானும் கூடவே போனேன், அவள் சார்பில் பேச ஆள் வேண்டாமா?

ரயில் புறப்பட்டது. முதல் வளைவிலேயே இவள் வேகன் ஒரு பக்கம் சரிந்து, பின்னால் வந்த, சங்கத்து உறுப்பினரான ஒரு பல் டாக்டரின் எண்ணெய் டாங்கியையும் இழுத்துக்கொண்டு குப்புற விழுந்தது. திரும்ப வைத்தார்கள், திரும்ப விழுந்தது. கார்டு சார் அதை எடுத்து தட்டையான ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்தார். ஒரு சக்கரத்துக்கு அடியில் காகிதத்தை நுழைத்தார். காகிதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. சக்கரம் அந்தரத்தில் நின்றிருந்தது.

அவர் வேகனைத் திருப்பிப் பார்த்தார். "ஏம்மா, முன் அச்சு ஆடணுமே. அதைப் போய் ஏன் பத்தவச்சு அடைச்சே?"

"ஆடுச்சு சார்" என்றாள் இவள். "அதான்."

ஹாலே சிரித்தது. கட்டும்போது ஓர் அச்சை மட்டும் பற்றவைக்காமல் ஊசலாட விட வேண்டுமாம், செய்முறைக் காகிதத்தில் போட்டிருந்தது. இவளும் படித்திருக்கிறாள். ஆனால் விரலால் தட்டிப் பார்த்திருக்கிறாள், ஆடியிருக்கிறது, கண்ணாடிக் கடைக் கை சும்மா இருக்குமா? ஒரு சொட்டு ஈயம் வைத்து அடைத்துவிட்டாள். சிரித்தவர்களைப் பார்த்து, "வேலை சுத்தமா செஞ்சா உங்களுக்குச் சிரிப்பா வருதோ?" என்று நான் ஒரு பிடி பிடித்தேன்.

கார்டு சார் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, கொஞ்சம் பொறுங்க. தரை மேடு பள்ளமா இருந்தா நாலு கால் முக்காலி ஒரு கால் தூக்கும்ல? தண்டவாளமும் அப்படித்தான். ஓர் அச்சு ஆடினாத்தான் நாலு சக்கரமும் தரையில நிக்கும்." பிறகு இவளிடம் திரும்பினார். "வர்ற ஞாயித்துக்குள்ள அதைப் பிரிச்சுடு. பிரிக்கிறது கட்டுறதைவிடக் கஷ்டம், சொல்லிட்டேன்."

நாலு கால் இருந்தால் அது எப்படி முக்காலியாகும் என்று கேட்க வாய் வந்தது. மருமகளுக்காக அடக்கிக்கொண்டேன்.

மனிதர் சொன்னது நிஜம். அச்சின் ஈயம் உருகுகிற சூடு வந்தால் பக்கத்தில் பற்றவைத்ததெல்லாமும் சேர்ந்து உருகும். முதல் தடவை கோலை வைத்தாள், பிரேக் நெம்புகோல் பொத்தென்று விழுந்தது, அதன் பின்னாலேயே படிக்கட்டும் விழுந்தது. அடைத்த அச்சு மட்டும் அசையவில்லை. "ஐயையோ, போச்சே, எல்லாம் போச்சே!" என்று நான் தலையில் கை வைத்தேன். அவள் விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி ஒரு மூடியில் போட்டுவிட்டு, ஈரப் பஞ்சு கொண்டுவரச் சொன்னாள். ஈரம் இருக்கிற இடத்தில் சூடு ஏறாதாம்.

"அத்தை, பஞ்சை இந்தப் பக்கம் அழுத்திப் பிடிங்க. கை நடுங்கக் கூடாது."

"எனக்கா நடுங்கும்? நீ உன் வேலையைப் பாரு."

பிடித்தேன். பஞ்சிலிருந்து ஆவி கிளம்பி விரலைச் சுட்டது, விடவில்லை. அவள் செம்புக் கம்பிப் பின்னல் ஒன்றை இடுக்கில் வைத்து மேலே கோலை அழுத்தினாள். உருகிய ஈயத்தைப் பின்னல் அப்படியே உறிஞ்சிக்கொண்டது. அச்சு லேசாக, லேசாக அசைந்தது. விழுந்ததையெல்லாம் மறுபடி பற்றவைக்க அந்த வாரத்துச் சாயங்காலங்கள் சரியாகப் போயின. முடிந்த பிறகும் விரலால் தட்டித் தட்டிப் பார்த்து, "ஆடுது அத்தை" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஆடட்டும்டி! அதுக்குத்தானே இந்தப் பாடு பட்டே? கையை எடு அதுலேருந்து!"

திறப்பு நாள் வந்தது. என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை, வர முடியவில்லை. ஹாலில் நிற்க இடமில்லாத கூட்டம். கூட்டத்தின் வெக்கையோ, யாராவது சாய்ந்துவிட்டார்களோ, இரண்டு மேஜைகள் சேருகிற இடத்தில் பலகை தூக்கிக்கொண்டுவிட்டது. தண்டவாளத்தில் அங்கே ஒரு மேடு. காலையில் ஓடிய வண்டிகளில் ஒன்று அந்த இடத்தில் விழுந்தும் விட்டது. இத்தனை ஜனத்துக்கு நடுவில் மேஜையைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது.

கார்டு சார் இவளைத் தனியாகக் கூப்பிட்டார். "உன் நல்லதுக்குச் சொல்றேன்மா. இன்னிக்கு வேண்டாம், மேட்டைச் சரிபண்ணிட்டு வேற ஒரு ஞாயிறு வச்சுக்கலாம். விழுந்தா விதி விதிதான், நான் ஒண்ணும் பண்ண முடியாது. இல்ல, ஓட்டித்தான் ஆகணும்னா கடைசியில கோத்துவிடுறேன். இழுவை கம்மியா இருக்கும்."

நான் சண்டைக்கு வாயைத் திறந்தேன். மருமகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். பிடித்தபடியே அவள்தான் பேசினாள், ஹால் முழுக்கக் கேட்கும்படி.

"கடைசியில வேண்டாம் சார். எஞ்சினுக்கு அடுத்தாப்புல கோத்துவிடுங்க."

எஞ்சினை ஒட்டிய இடம் இருக்கிறதே, அது பொல்லாத இடம். பின்னால் வருகிற அத்தனை வேகன்களின் பாரமும் அந்த ஒன்றின்மேல்தான் இழுக்கும். வளைவில் கொஞ்சம் பிசகினாலும் உள்பக்கமாகப் பிடுங்கி எறிந்துவிடும். பல் டாக்டர், "யோசிச்சுச் சொல்றீங்களா?" என்றார்.

"மேடு இருந்தா ஏறட்டும் டாக்டர். அதுக்குத்தானே அச்சை ஆட விட்டிருக்கேன்."

ஒரு வருஷம் போய்விடுமே பாவி, கடைசியிலேயே போயேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கார்டு சார் அவள் முகத்தைப் பார்த்தார், வேகனை எஞ்சினுக்குப் பின்னால் கோத்தார். ரயில் நகர்ந்தது. போன வாரம் விழுந்த வளைவு வந்தது. நான் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டேன். வளைவு போயிற்று. பாலம் போயிற்று. மேடு வந்தது. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி ஏறி இறங்கியது. அதன் பின்னால் எங்கள் வேகன். முன் சக்கரம் ஒன்று மேலே போயிற்று, அச்சு சாய்ந்தது, இறங்கியது. மேலே பெட்டி அசையக்கூட இல்லை. நாலு சக்கரமும் தண்டவாளத்திலேயே இருந்தன. பின்னால் அத்தனை வேகன்களையும் இழுத்துக்கொண்டு அது பாட்டுக்குப் போய், புறப்பட்ட ஸ்டேஷனில் வந்து நின்றது.

நான் போட்ட கூச்சல் கீழே சைக்கிள் கடை வரைக்கும் கேட்டிருக்கும். அழுதேனா, சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் யாரென்றுகூடத் தெரியாது, அவரைப் பிடித்து உலுக்கி, "என் மருமக! என் மருமக கட்டினது!" என்றேன். பல் டாக்டர் கைதட்ட ஆரம்பித்தார், ஹாலே கைதட்டியது. கார்டு சார் தன் நாற்காலியை விட்டு எழுந்தார். ரயிலை ஓட்டுகிற, குமிழ் வைத்த சின்னப் பெட்டியை அவள் கையில் வைத்தார்.

"உட்காரும்மா. இனி நீ ஓட்டு."

உட்கார்ந்தாள். குமிழைத் திருகினாள். வண்டி கிளம்பியது. ஊமைக்கோட்டான் கண்ணிலிருந்து தண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. ஒரு சுற்று போயிற்று, இன்னொன்று போயிற்று, அவள் பெட்டியைக் கீழே வைப்பதாகத் தெரியவில்லை. என் போன் அடித்தது. மகன்தான்.

"எங்கம்மா ரெண்டு பேரும்? நான் வேலை முடிஞ்சு வந்து எவ்வளவு நேரமாச்சு, பசிக்குதும்மா. அவளைச் சீக்கிரம் வரச் சொல்லு."

"அடுப்புல எல்லாம் இருக்கு, போட்டுச் சாப்பிடு" என்றேன். "உன் பொண்டாட்டி ரயில் ஓட்டிக்கிட்டு இருக்கா. இப்ப நிறுத்த முடியாது."