நான்கு தோள்கள்

1984ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் மென்ஜாவை முதன்முதலாகச் சந்தித்தேன். நான் பள்ளத்தாக்கின் செவிலியாகப் பொறுப்பேற்றிருந்த புதிது. படுத்த படுக்கையாக இருந்த அவருடைய கணவருக்கு ஊசி போடுவதற்காக சுர்கிராப்புக்கு ஏறிச் சென்றேன்.

சுர்கிராப்புக்கு அன்றும் சாலை இல்லை, இன்றும் இல்லை. ஆற்றங்கரையிலுள்ள பெரிய கிராமத்திலிருந்து கற்படிப் பாதையில் ஒரு மணி நேரம் ஏறினால், பாறைச் சுவரில் பதித்த தட்டைப்போல அந்தக் குடியிருப்பு தென்படும். நவம்பரில் மலைக்குப் பின்னால் மறையும் சூரியன் பிப்ரவரியில்தான் திரும்பி வரும். மாவும் உருளைக்கிழங்கும் கம்பிவடத்தில் தொங்கும் சரக்குப் பெட்டியில் மேலே போகும். வைக்கோலும் பாலாடைக்கட்டியும் அதிலேயே கீழே வரும். அதில் மனிதர்கள் ஏறக்கூடாது. கோயிலும் கல்லறைத் தோட்டமும் ஆற்றங்கரையில்தான்.

அந்தக் குளிர்காலத்திலேயே மென்ஜாவின் கணவர் இறந்தார். யாரும் போய் அழைக்கவில்லை. அடுத்தடுத்த நான்கு வீடுகளிலிருந்து வீட்டுக்கு ஒருவராக வந்து நின்று, சவப்பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனியில் இறங்கினார்கள். அங்கே அதுவே முறை. இறந்தவரின் உறவினர் தூக்கக்கூடாது. தூக்கும்படி எவரையும் கேட்பதும் கூடாது. கேட்கும்படி நேர்வது அந்த வீட்டுக்கு இழுக்கு.

அடுத்து வந்த ஆண்டுகளில் ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடி இறங்கினார்கள், பள்ளிக்கூடம் மூடப்பட்டது, முதியவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போனார்கள். காலியான வீடுகளைச் சூரிக் நகரத்தார் கோடைக்காக வாங்கினார்கள். முடிவில், குளிர்காலத்தில் இரண்டே வீடுகளில் புகை எழுந்தது. ஒன்று மென்ஜாவுடையது. மற்றொன்றில் கிளௌ என்னும் கிழவர் தனியாக இருந்தார்.

"இப்படித் தின்னுட்டே இருந்தா உன்ன யாரு தூக்குறது, மென்ஜா?" என்பார் கிளௌ.

"உன் தோள நம்பித்தான்யா திங்கிறேன். நீ முந்திக்காம இரு, போதும்" என்பார் மென்ஜா.

ஒரு மார்ச் மாதத்தில் கிளௌ முந்திக்கொண்டார். கீழேயிருந்து மூன்று பேர்தான் வந்தார்கள். பெட்டியைச் சரக்குக் கம்பிவடத்தில் இறக்கிவிடலாமே என்று ஊராட்சிச் செயலர் தயக்கத்துடன் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

"கிளௌ என்ன, உருளைக்கிழங்கு மூட்டையா?" என்று கேட்டுவிட்டு, எழுபது வயதைக் கடந்த மென்ஜா நான்காவது தோளாகப் போய் நின்றார். அடக்கம் முடிந்ததும் என்னிடம், "எனக்கு அந்தக் கம்பிவடந்தான் நர்ஸம்மா" என்றார்.

அந்த அச்சம் அவரை விட்டு நீங்கவே இல்லை. கிளௌவின் வீட்டை ஒரு பல் மருத்துவர் வாங்கினார். ஒரு கோடையில், கம்பு ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மென்ஜா அவர் வீட்டுக்குப் போனார். மருத்துவர் அன்போடு வரவேற்று, மலையின் அழகைப் புகழ்ந்து, திராட்சை மது ஒரு புட்டி கொடுத்தனுப்பினார். தன்னைத் தூக்க ஒரு தோள் தேடிப் போன காரியத்தை மென்ஜா வாய் திறந்து சொல்லவில்லை.

"நல்ல மனுஷன்தான். ஆனா இங்க ஆளுங்க சாகவும் செய்வாங்கன்னு அவருக்குத் தோணவே இல்ல" என்றார்.

சில ஆண்டுகளுக்குப் பின், முதல் பனி விழுவதற்கு முன்பாக, அவருடைய இதயம் தளர்ந்துவிட்டது. வசந்தம் வரை தாங்காது என்றார் பெரிய கிராமத்து மருத்துவர். ஹெலிகாப்டரில் இறக்கலாம் என்று நான் சொன்னேன். மென்ஜா அடுப்பை அணைத்தார், சாம்பலை அள்ளி வெளியே கொட்டினார், கதவைப் பூட்டினார்.

"தூக்க ஆளில்ல. காலு இருக்கறப்பவே நானே என்னக் கொண்டுபோய்ச் சேத்துடுறேன்" என்றார்.

கோயிலை ஒட்டிய முதியோர் இல்லத்தில் ஓர் அறை காலியாக இருந்தது. அங்கிருந்து கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு சுவர்தான் இடைவெளி. நாங்கள் இருவரும் இறங்கத் தொடங்கினோம். என் தோளில் அவர் கை இருந்தது. மூச்சு வாங்க வாங்க, ஒவ்வொரு படியாகக் கால் வைத்தார். எங்களுக்குப் பின்னால், சுர்கிராப்பில் ஒரு புகைகூட இல்லை. இருட்டுமுன் சேர்ந்துவிட வேண்டுமே என்ற கவலையில், என்னையறியாமல் நான் நடையை விரைவுபடுத்திவிட்டேன் போலும்.

இல்லத்துக்குப் போனபின் அவர் எதையும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே காலமானார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது அந்தப் பாதையில்தான்.

"கொஞ்சம் மெதுவாப் போ, நர்ஸம்மா. தூக்கிட்டுப் போறவங்க இவ்வளவு வேகமாப் போக மாட்டாங்க."