வெல்டர் செய்யாத சத்தியம்

இனி உடையாது என்று அந்த வெல்டர் ஏன் சொல்லவில்லை? இன்னும் எனக்குப் புரியவில்லை.

வெதுருகுப்பம் மாந்தோப்புக்குப் போகும் கல்பாதையில், என் கணவர் ஓட்டிய வேகத்தில், ஜீப்பின் முன்சக்கர அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு, ஆக்சில் ஹவுசிங், விரிசல் விட்டுச் சக்கரம் சாய்ந்தது. என் மடியில் மகள் இருந்தாள். வண்டியைச் சித்தூரில் ஒரு வெல்டரிடம் இழுத்து வந்தோம்.

புருவம் பொசுங்கிய ஒல்லியான மனிதர். விரிசலைப் பற்றவைத்து, அடியில் கனத்த இரும்புப் பட்டை வைத்து இணைத்தார். அவ்வப்போது சுத்தியலால் தட்டி, தலை சாய்த்து ஓசையைக் கேட்டார்.

“இனிமே உடையாதுன்னு காணிப்பாக்கத்துல சத்தியம் பண்ணுவீங்களா அண்ணா?” என்றேன். அந்தப் பிள்ளையார் கோயிலில் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கம் யாரும் துணிவதில்லை.

அவர் சிரித்தார். “பள்ளத்துல பறக்க மாட்டேன்னு சாரு மொதல்ல பண்ணட்டும்மா. பின்னாலயே நானும் வந்து பண்றேன்.”

“மெதுவா போறதுக்கு ஜீப்பு எதுக்குப்பா?” என்றார் என் கணவர்.

வெல்டரின் சிரிப்பு நின்றது. இன்னொரு பட்டையை எடுத்தார்.

அவர் சந்தேகப்பட்டது தன் வேலையையா, என் கணவரையா? நாளை மீண்டும் தோப்புக்குப் போகிறோம். இப்படிப் பட்டை வைத்த வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: உங்கள் குழந்தையை அதில் ஏற்றுவீர்களா?