பள்ளம் பார்த்து நின்ற கார்

என் மனைவியின் கார் சத்தம் போடத் தொடங்கியதும், பதுளைக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் ஆளுக்கு ஆள் வைத்தியர் ஆகிவிட்டார்கள்.

"டீச்சர் வண்டிக்கு வயிறு சரியில்ல போல" என்றார் கீழே வரிசை வீடுகளில் இருக்கும் லயத்துக்காரர். மலையிலிருந்து கொழுந்து மூட்டையோடு இறங்கி வந்த அக்கா ஒருவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நின்று நிதானமாகக் காதைக் கொடுத்துக் கேட்டார். "எங்க வீட்டுக்காரரு சுடுகஞ்சி உறிஞ்சுற மாதிரியே இருக்கு தம்பி. கொஞ்சம் ஆத்திக் குடிக்கச் சொல்லுங்க."

இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் மயங்கிப்போவேன். வண்டி வேலையை நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. நாலு பேர் நிற்கும் இடத்தில் நானும் நின்று, அவர்கள் சொன்னதையெல்லாம் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். அந்த அக்கா சொன்னதையும் மனதில் போட்டு வைத்தேன். உறிஞ்சுகிற சத்தம் என்றால் தண்ணீரோடு காற்றும் சேர வேண்டுமே!

கார் எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. உருண்டை மூக்கு வைத்த பழைய இங்கிலாந்துக் கார். பதுளையில் இருந்த யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு புறப்பட்டபோது, தன் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த என் மனைவியிடம் சாவியைக் கொடுத்தார். "பிள்ளை, இவள் கொஞ்சம் கோவக்காரி. ஆனா நடுரோட்டில விடமாட்டாள், பாருங்கோ" என்றார். அன்றிலிருந்து காலையில் பதுளைப் பாலர் பாடசாலைக்கு இறங்குவதும் பின்னேரம் ஏறுவதும் அந்தக் காரில்தான். இறங்கும்போது ஒரு தொல்லையும் இல்லை. ஏறும்போதுதான் களக் களக் என்று தொடங்கி, பாதி வழியில் டொக் டொக் என்று இடித்து, மேலே வருவதற்குள் ரேடியேட்டர் மூடியால் ஆவி விடும்.

மனைவியின் அண்ணன், என் மச்சான், பதுளையில் லொறி கராஜ் வைத்திருக்கிறார். ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தங்கச்சி, இது கிழட்டு என்ஜின். கழட்டிப் போட்டுட்டு ஒரு வேன் என்ஜின் வச்சித் தாரேன். சத்தமும் இருக்காது, சூடும் ஏறாது. என்ஜினுக்குக்கூடச் சொல்லி வச்சிட்டேன்."

"மூஞ்சிய வச்சிக்கிட்டு நெஞ்ச மாத்துவீங்களா அண்ணே?" மனைவியின் கண் கலங்கிவிட்டது. உடனே துடைத்துக்கொண்டு சவால் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை மச்சானே காரில் ஏற வேண்டும். பதுளையிலிருந்து எங்கள் வீட்டு வாசல்வரை கொதிக்காமல் வந்துவிட்டால் பழைய என்ஜின் இருக்கும். கொதித்தால் மறுநாளே கழற்றிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வாய விட்டது நானு. கண்டுபிடிக்கிறது நீங்க."

சத்தத்தைப் பிரித்துக் கேட்டேன். ஸ்டார்ட் பண்ணியதும் வந்த கிறீச் சத்தம் ஃபேன் பெல்ட். ஒரு கை தண்ணீர் தெளித்ததும் அது அடங்கியது. பெல்ட்டை இழுத்து இறுக்கியதும் ஒழிந்தது. அடுத்து, ஒரு துண்டு ரப்பர் ஹோஸின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை வாட்டர் பம்ப் பக்கம் பிடித்தேன். பம்ப் பூனை மாதிரி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அதில் குற்றமில்லை. ரேடியேட்டரைக் கழுவிவிட்டேன். கொஞ்சம் துருத் தண்ணீர் வந்தது, அவ்வளவுதான். கீழே ஒழுக்கும் இல்லை. ஆனால் களக் களக் மட்டும் போகவே இல்லை.

சனிக்கிழமை காலை. மலை முழுக்கப் பனி. என்ஜினை ஓடவிட்டு நான் முன்னால் குனிந்திருக்க, மனைவி குளிருக்கு உள்ளே ஏறி ஹீட்டரைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் சத்தம் வந்தது. காரிலிருந்து இல்லை, அவளிடமிருந்து.

"என்னாங்க இது? அங்க தோசை சுடலாம் போல இருக்கு, என் காலுக்கு ஐஸ் காத்து அடிக்குது!"

ஹீட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. என்ஜின் பக்கம் கைவைக்க முடியவில்லை. சுடுதண்ணீர் அங்கே போகவே இல்லை. ஏன் போகவில்லை? யோசித்துக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்காரப் பார்த்தேன். சீட்டில் அரைவாசித் தண்ணீரோடு ஒரு போத்தல் கிடந்தது. தண்ணீரெல்லாம் முன்பக்கம் கூடிக் கிடந்தது. காற்று பின்பக்கம் ஏறி நின்றது.

காரும் அப்படித்தான் பள்ளம் பார்த்துச் சாய்ந்து நின்றது.

எங்கள் பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற எவரும் அதன் மூக்கைப் பள்ளத்துக்குக் காட்டித்தான் நிறுத்துவார்கள். விடியற்காலைக் குளிரில் பேட்டரி சண்டித்தனம் பண்ணினால், டயருக்குக் கொடுத்த கல்லை எடுத்துவிட்டு உருட்டியே ஸ்டார்ட் பண்ணிவிடலாம். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாக அப்படித்தான் திருப்பும். நாங்களும் அப்படி நிறுத்தி, தினமும் காலையில் அந்த நிலையிலேயே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினோம். முன்னால் இருக்கிற வாய் தாழ்ந்திருந்ததால் சீக்கிரம் தளும்பிவிடும். நிறைந்துவிட்டது என்று மூடிவிடுவோம். பின்னால் உயர்ந்திருக்கிற ஹீட்டர் முழுக்கக் காற்று. பின்னேரம் மலை ஏறும்போது அந்தக் காற்று முன்னுக்கு நகரும், களக் களக். தண்ணீர் போதாமல் கொதிக்கும், டொக் டொக். மறுநாள் காலையில் திரும்பவும் பள்ளம் பார்த்து ஊற்றுவோம்.

"காரைத் திருப்பு!" என்று கத்தினேன்.

மேடு பார்த்து நிறுத்தினோம். சூடு ஆறும்வரை மூடியைத் தொடவில்லை. பிறகு ஹீட்டரைத் திறந்தே வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஹோஸைக் கையால் பிசைந்துவிட்டேன். முதலில் ஒரு குமிழி, பிறகு இரண்டு, அப்புறம் வரிசையாகக் கொப்பளித்து வெளியே வந்தது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வேலிப் பக்கம் நின்ற கீழ் லயத்துக்காரர், "எம்புட்டுக் காத்த முழுங்கி வச்சிருக்கு பாருங்க, நம்ம தலைவருமாரு மாதிரி!" என்றார். உள்ளேயிருந்து மனைவி கூவினாள். "சுடுதுங்க! காலு சுடுது!"

ஞாயிற்றுக்கிழமை பதுளையில் மச்சான் ஒரு பெரிய தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீட்டில் ஏறினார். "தேவைப்படும் மாப்ள" என்று சிரித்தார். மனைவி ஓட்டினாள். வழக்கமாகச் சத்தம் தொடங்கும் வளைவு வந்தது. மச்சான் முன்னால் சாய்ந்து காதைத் தீட்டினார்.

"இப்ப வரும்."

வரவில்லை. அடுத்த வளைவு.

"இந்தா, இங்கதான் பாரு."

ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் சீராகக் கேட்டது. வீட்டுக்குக் கிட்டே இருக்கும் தேயிலை ஆலை கண்ணில் பட்டதும் மனைவி ஒரு விரலால் ஹீட்டர் சுவிட்சைத் தட்டிவிட்டாள். நல்ல வெயில் நேரம். சுடுகாற்று பின்சீட்டு வரைக்கும் போனது.

"தங்கச்சி, நிறுத்தும்மா, வேகுது!"

"கிழட்டு என்ஜின்தானே அண்ணே, இம்புட்டுச் சூடு எங்கருந்து வருது?"

வாசலில் நிறுத்தினாள். ஆவி இல்லை, இடி இல்லை. மச்சான் இறங்கி, பொனட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக் கேட்டார். வெகுநேரம் கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். "அண்ணே, அந்த வேன் என்ஜின வேற யாருக்காவது குடுத்துருங்க. இங்க வேண்டியதில்ல."

போனைப் பையில் வைத்தவர் மெல்லக் கையை நீட்டினார். "சாவியத் தா தங்கச்சி. கீழ நான் ஓட்டிப் பாக்குறேன்."

மனைவி சாவியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டாள்.

"பின்னுக்கு ஏறுங்கண்ணே. நான் கொண்டுபோய் விடுறேன்."