பெட்ரோமாக்ஸ்காரர் வீட்டுச் சம்பந்தம்

மணவாளக்குறிச்சியில் மெற்றில்டாவிடம் யாரும் தோரியத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். திறந்தால் அவள் பேசி முடிப்பதற்குள் வீட்டில் மீன்கறி ஆறிப்போகும். மணல் கம்பெனி ஆய்வுக்கூடத்தில், கடற்கரைக் கறுப்பு மணலில் கதிர்வீசும் தோரியம் எவ்வளவு என்று பார்ப்பது அவள் வேலை.

“அண்ணே, அது ஈர விறகாக்கும். தனியா தீப்பத்தாது. எரியுத விறகுக்குப் பக்கத்துல வச்சா காஞ்சு, பொறவு அதுவே எரியும். அதுக்கு ஏத்த அணு அடுப்பக் கெட்டத்தான் படிச்சவிய பாடுபடுதாவ. ஒருநாள் நம்ம மணலுல ஊரெல்லாம் லைட்டு எரியும், பாரும்.”

“மொதல்ல ஒனக்கக் கல்யாணம் நடக்கட்டு” என்பேன், பக்கத்து வீட்டுக்காரனான நான்.

அந்த மணலில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லியே மூன்று சம்பந்தங்கள் தட்டிப்போயிருந்தன. நினைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

நாலாவது, நான் கொண்டுவந்த தக்கலை வரன். அப்பா வறுவேல், கல்யாணங்களுக்குப் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவர். பையனுக்கும் அவளுக்கும் பார்த்தவுடனே பிடித்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. வறுவேல்தான் மணலுக்குப் பயந்து, அவள் வீட்டுத் தரையில் கால் படாமல் நாற்காலியில் சம்மணம் போட்டிருந்தார்.

“பிள்ள தங்கம். ஆனா கதிர்வீச்சுல வேல பாக்குத பிள்ளயாக்கும். எனக்க மோனுக்கு நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா...” என்று அவர் இழுத்தபோது கரண்டு போனது. பொழுது மங்கியிருந்தது. பக்கத்திலிருந்த என் வீட்டுக்கு ஓடி, பெட்ரோமாக்சைக் கொண்டுவந்தேன். உள்ளே வெளிச்சம் தரும் வலைப்பை, மேண்டில், கிழிந்திருந்தது.

பழக்கதோஷம் விடுமா? வறுவேல் இறங்கி வந்தார். பழைய மேண்டிலின் சாம்பலை வாயால் ஊதினார். சட்டைப்பையிலிருந்து புதியதை எடுத்து, நூலைப் பல்லால் இழுத்துக் கட்டினார். விளக்கு பளீரென்று எரிந்தது.

“மாமா, எத்தன வருசமா இந்தத் தொழில்?” என்று கேட்டாள் மெற்றில்டா.

“முப்பது ஆவுது, மக்களே.”

“மேண்டிலு இம்புட்டு வெளிச்சம் தாரது எதுனாலன்னு தெரியுமா? தோரியம். எனக்குக் கம்பெனியில கையுறை உண்டு, கதிர்வீச்ச அளந்து பாக்கப் பெட்டி உண்டு. ஒங்களுக்குப் பல்லுதான் உண்டு.”

போச்சு, இதுவும் போச்சு என்று நான் தலையில் கைவைத்தேன்.

வறுவேல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கையாலதான இவனத் தூக்கி வளத்தேன். இத்தன வருசத்துல ஒருத்தனும் சொல்லலியே” என்றார். எனக்கே பாவமாகிவிட்டது.

“பயப்படாதீங்க மாமா. இனி பல்லால இழுக்காண்டாம். சாம்பல ஊதாண்டாம். வேல முடிஞ்சா சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க. எனக்கும் கம்பெனியில இதத்தான் சொல்லித் தந்தாவ” என்றாள்.

வறுவேல் மகனிடம் திரும்பினார்.

“லே, நம்ம கொடவுனுல ஐந்நூறு மேண்டிலு கெடக்கு. இந்தப் பிள்ள வந்து சொல்லித் தரணும், கல்யாணத்துக்குத் தை வரைக்கும் காத்திருக்க முடியாது. வாற ஞாயிறே கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லு.”