கணவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்ட கேள்வி

லொரீனா ஸ்டாம்பர் தன் முப்பாட்டனின் தாயைத் தேடிக் கென்டக்கியின் அந்தச் சிறிய பத்திரப் பதிவறைக்கு வருவது இது ஆறாவது நாள். கிடைத்த தாள்களிலெல்லாம் அவள் ‘ஆசாவின் மனைவி’ மட்டுமே. காடழித்துக் குடியேறிய ஆசாவுக்குக் கல்லறைக்கல் உண்டு. அவளுக்குப் பெயர்கூட இல்லை.

“இன்னைக்கும் வந்துட்டியாம்மா? செத்தவங்க எங்கயும் ஓடிட மாட்டாங்க,” என்றார் கிழட்டு எழுத்தர் ட்யூயி.

“அதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்துடுவேன். அந்த 1798 பத்திரக்கட்டை எடுங்க.”

அந்தக் கட்டுக்குள் ஆசா தன் நிலத்தை விற்க எழுதிய பத்திரம் இருந்தது. விற்பனை முடியாததால் யாரும் அதைப் புரட்டியதில்லை. அக்காலத்தில் நிலம் விற்றால், கணவனை வெளியே அனுப்பிவிட்டு மனைவியிடம் தனியே சம்மதம் கேட்பார்கள். வழக்கமாக எல்லா மனைவிகளும் ‘மனமுவந்து’ சம்மதிப்பார்கள். இதில் வேறு மாதிரி எழுதியிருந்தது: ‘கெசியா மறுக்கிறாள். தன் இரு பிள்ளைகள் வால்நட் மரத்தடியில் புதைந்து கிடக்கிறார்கள், விட்டு வரமாட்டேன் என்கிறாள்.’

“ஆசா இதை வித்துட்டு மேற்கே புது நிலம் தேடிப் போகணும்னு குதியா குதிச்சிருப்பானே! போனானா?” என்றார் ட்யூயி.

“எங்க போனான்? நாங்க இன்னும் அந்த நிலத்துலதானே இருக்கோம்.”

லொரீனா அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். “கெசியா,” என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள்.