ஷிரால்கா கேட்ட காவல்காரர்

முகம்பெத்தை ஊரில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. மீதிப் பாதி பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் விருந்துக்குக் கூப்பிடாது. நாரின் மலைப்பக்கத்தில் மலையாடுகளுக்குக் காவல் இருக்கும் ஆளுக்கு இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. அவர் அப்பா பேர்பெற்ற வேட்டைக்காரர். இவரும் இளவயதில் சுட்டவர்தான். ஆடுகள் அருகிப்போய், பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒரு கொம்புகூடத் தென்படாத காலம் வந்தபோது ஊரே கூடிக் காவல் குழு அமைத்தது. முகம்பெத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு, குழு கொடுத்த குதிரையில் ஏறினார். ஏறியவர் அதற்குப் பிறகு யாருக்கும் தாட்சண்யம் பார்க்கவில்லை.

போன குளிர்காலத்தில் பக்கத்துத் தெரு இஸ்மாயிலின் மகன் பெட்டை ஆடு ஒன்றைச் சுட்டுவிட்டான். இஸ்மாயில் வந்து வாசலில் நின்று, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். “என் சொந்தக்காரனா இருந்தாலும் இதேதான்” என்றார் முகம்பெத். புகார் போனது. அபராதம் கட்டக் கறவை மாடுகளை விற்ற அந்த வீட்டில் இப்போது பால் இல்லாத தேநீர். இஸ்மாயிலின் மனைவி தெருவில் இவரைக் கண்டால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போவாள். புகார் கொடுத்தது சரிதான். அந்த வசனத்தைப் பேசாமல் இருந்திருக்கலாம். என்ன செய்வது, முகம்பெத்துக்கு வாய் எப்போதும் ஒரு முழம் முன்னால் ஓடும்.

இந்தக் குளிர்காலத்திலும் அப்படித்தான் ஓடியது. முதல் பனி விழுந்த மறுநாள் மதியம் பள்ளத்தாக்கிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். பாறைத் திருப்பத்தில் எதிரே ஒரு குதிரை. மேலே அசன்குல், அவருடைய சகலை, மனைவி சோனுனின் அக்காள் கணவர். சேணத்தின் குறுக்கே வளைந்த கொம்போடு ஒரு கிடா தொங்கியது. இது திருட்டு வேட்டை என்று மூளைக்கு எட்டுவதற்குள் முகம்பெத்தின் வாய் “ஷிரால்கா, அண்ணே” என்றுவிட்டது.

வேட்டையோடு வருபவனை வழியில் பார்த்தால் அங்கே எல்லோருக்கும் வாயில் வரும் சொல் அது. அப்பாவோடு திரிந்த காலத்திலிருந்து நாக்கில் ஊறிப்போனது. சொல்லிவிட்டால் பங்கு கேட்டதாக அர்த்தம். கேட்டவனுக்கு வேட்டைக்காரன் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுத்ததைக் கேட்டவன் வேண்டாம் என்று தள்ளவும் கூடாது.

இவரைக் கண்டதும் சாம்பலாய் வெளுத்திருந்த அசன்குலின் முகத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் ரத்தம் ஓடியது. மன்னித்துவிட்டான் என்றே நினைத்துக்கொண்டார். சிரித்தபடி குதித்து இறங்கி, பின்னங்கால் ஒன்றை அறுத்து முகம்பெத்தின் சேணத்துக்குப் பின்னால் தானே கட்டினார். மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டார் வருகிறார்களாம். பனிப்புயலில் மந்தை பாதியாகிவிட்டதாம். மிச்சமிருக்கும் செம்மறியை அறுக்க மனசு வரவில்லையாம். “இப்படி ஒரு சகலை யாருக்குக் கிடைப்பான், தம்பி” என்று முழங்காலில் தட்டிவிட்டுப் போனார். கையும் களவுமாகப் பிடித்தவர் களவில் பங்கோடு வீடு திரும்பினார்.

சோனுன் காலைப் பார்த்தாள். குளம்பைப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துகொண்டாள்.

“அக்கா வீட்டுலயா?”

“ஆமா.”

“நீங்களா கேட்டீங்க?”

“வாய் தவறி வந்துடுச்சு.”

“கேட்டு வாங்கிட்டு எப்படிக் காட்டிக் குடுப்பீங்க?”

“இஸ்மாயில் பெண்டாட்டி பால் இல்லாம டீ குடிக்கறா, சோனுன்.”

“எங்கக்காவும் குடிக்கணுமா?”

அவளுக்குக் கூடப்பிறந்தவள் அந்த ஒருத்திதான். முகம்பெத் ஆட்டுக்காலைக் கொட்டகையில் மாட்டினார். சமைக்கவும் இல்லை, தூக்கி எறியவும் இல்லை. நாய் மட்டும் அதற்கு நேர் கீழே படுக்கையைப் போட்டுக்கொண்டு நம்பிக்கையோடு காத்திருந்தது.

சோனுனின் அக்காள் பாத்மா ஒருநாள் எண்ணெயில் பொரித்த ரொட்டி கொண்டுவந்து, தங்கையோடு சிரித்துப் பேசிவிட்டுப் போனாள். கணவன் பிழைத்த நிம்மதி அவள் முகத்தில் பளிச்சென்று தெரிந்தது. அந்த ரொட்டியை முகம்பெத் தொடவில்லை. மறுபடி மலைக்குப் போய்ப் பார்த்தார். கிடாக்கள் பெட்டைகளுக்காக முட்டிக்கொள்ளும் பருவம். கொம்போடு கொம்பு மோதும் சத்தம் பள்ளத்தாக்கை நிறைத்தது. எத்தனையோ வருடம் கேட்காமல் இருந்த சத்தம். கேட்டால் புத்தி தெளியும் என்று நினைத்துத்தான் போனார். காது விறைத்ததுதான் மிச்சம். மலை யாருக்கும் யோசனை சொல்வதில்லை.

ஆனால் திரும்பும் வழியில் இஸ்மாயில் எதிரே வந்தார். தலையைத் திருப்பிக்கொண்டு போனார். இதுவரை அந்தத் திருப்பலை முகம்பெத் நெஞ்சை நிமிர்த்தித் தாங்கியிருக்கிறார். அன்று முதல் தடவையாகக் கூசியது. குதிரையை நேரே அசன்குல் வீட்டுக்கு விட்டார்.

சம்பந்திகள் வந்து, சாப்பிட்டுப் போயிருந்தார்கள். அசன்குல் மெத்தையில் அவரை விருந்தாளிக்குரிய மேல்வரிசையில் உட்காரச் சொன்னார். முகம்பெத் கதவருகிலேயே நின்றுகொண்டார்.

“அண்ணே, நான் சொல்லத்தான் போறேன். நீங்களாப் போய்ச் சொன்னா தண்டனை குறையும்.”

அசன்குலுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “சொல்லு. கால் எங்க தொங்குதுன்னும் சேர்த்துச் சொல்லு.”

“அதையும்தான்.”

பாத்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

மறுநாள் முகம்பெத் ஆட்டுக்காலைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய்க் குழுத் தலைவி குமுஷின் மேசைமேல் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். அவளுக்கு இவர்மேல் மரியாதை உண்டு. கால் சமாசாரம் வெளியே வந்தால் உங்கள் வேலை போய்விடும், கொஞ்சம் யோசித்துப் பேசுங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிப் பார்த்தாள். அசன்குலுக்கும் ஆள் அனுப்பினாள்.

அசன்குல் வந்தார். சுட்டதை மறுக்கவில்லை. துப்பாக்கியைத் தானே எடுத்து வந்திருந்தார். கால் பற்றிக் கேட்டபோது முகம்பெத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவன் கேக்கவே இல்லம்மா. வேண்டாம் வேண்டாம்னு கத்தினான். நான்தான் பிடிவாதமாச் சேணத்துல கட்டிவிட்டேன்.”

குமுஷ் பேனாவை எடுத்தாள். முகம்பெத் தலையை ஆட்டியிருந்தால் போதும். குதிரை மிஞ்சும், வேலை மிஞ்சும். ஊரில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். தன்னை எதிரியாக நினைத்து வந்த அசன்குல் இப்படிச் செய்வார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

“இல்ல. நான்தான் கேட்டேன்” என்றார்.

குமுஷ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுதினாள். அசன்குலுக்கு அபராதம். துப்பாக்கியும் அவர் ஏறி வந்த குதிரையும் பறிமுதல். முகம்பெத் குழுவின் குதிரையை அங்கேயே ஒப்படைக்க வேண்டும், நாளை முதல் வர வேண்டாம்.

இரண்டு சகலைகளும் நடந்தே திரும்பினார்கள். இருவருக்கும் ஒரே சாலை. தெரு பிரியும் இடத்தில் அசன்குல் நின்றார்.

“உனக்குன்னு ஒரே ஒரு பொய் சொன்னேன், தம்பி. அதையும் காட்டிக் குடுத்துட்டியே.”

கோபமாகச் சொல்லியிருந்தால் முகம்பெத் தாங்கியிருப்பார். அண்ணன் தம்பியைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டு அவர் வீட்டைப் பார்க்கப் போனார். முகம்பெத் அந்த இடத்திலேயே நின்று அழுதார்.