யோசப் கங்காணியின் ஆர்மோனிய வகுப்பு

யோசப் கங்காணிக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்தது 1999இல். அவருடைய குரலுக்குத்தான் ஓய்வு கிடைக்கவில்லை. கஹவத்தைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தவர்களை, "பேரு இல்ல, வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்பியே தலை நரைத்தவர். பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

மனைவி இறந்தபின் வீட்டில் அதட்டுவதற்கு ஒரு பூனைகூட இல்லை. அதனால் ஞாயிறு பின்னேரங்களில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில் பெரியவர்களுக்கு ஆர்மோனியம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். பாதிரியார் ஒருவர் விட்டுப்போன பழைய ஆர்மோனியப் பெட்டி ஒன்று அங்கே அலமாரியில் கிடந்தது. கொழுந்து பறிக்கிற பெண்களும் லொறி டிரைவர் கபூரும் ஆசையாகச் சேர்ந்தார்கள்.

மனிதர் திருந்த வேண்டுமே! மூன்று மணிக்கு வகுப்பு. துணி துவைத்து, விறகு பொறுக்கிவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவர்களை வாசலிலேயே மறித்து, அதே பழைய பல்லவியைப் பாடினார். கபூர் போனார், தங்கம்மா போனாள், ஒவ்வொருவராக எல்லோரும் நின்றுவிட்டார்கள். மிஞ்சியது இருளாயி மட்டும். பெரட்டுக்களத்தில் அவரிடம் அதிக நாள் பேர் இழந்தவளும் அவள்தான். அவளும் நின்றுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் மற்றக் கிழமைகளைப் போல ஆகிவிடும் என்று கங்காணிக்கு உள்ளூரப் பயம். ஆனாலும் மணி பார்ப்பதை அவர் விடவில்லை.

ஒரு ஞாயிறு, பெட்டியின் துருத்திக்கு ஒட்டுப்போடத் தோல் வாங்கக் கஹவத்தைக்குப் போனார். திரும்பும் வழியில் பஸ்ஸுக்கு டயர் வெடித்தது. தூறலில் நனைந்து அவர் வந்து சேர்ந்தபோது மூன்றரை. இருளாயி வாசலில் நின்றாள். உள்ளே கபூர், தங்கம்மா, அவர் துரத்திய அத்தனை பேரும் இருந்தார்கள். அவள்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கூட்டி வந்திருந்தாள்.

"நேரமாச்சுங்க கங்காணி. இன்னைக்கு உங்களுக்குப் பேரு இல்ல. வீட்டுக்குப் போங்க."

சட்டம் அவர் போட்டதுதானே. முகம் கறுத்துப்போய், தோல் பொட்டலத்தை அவளிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பின்னால் பெட்டி வாசிக்கும் சத்தம் கேட்டது. கபூர் தப்பான கட்டையை அமுக்கினார். மறுபடியும் அதையே அமுக்கினார்.

பொறுக்க முடியவில்லை. திரும்பி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, "அது இல்லப்பா, பக்கத்துக் கறுப்புக் கட்டை" என்றார். அதட்ட நினைத்த குரல் கெஞ்சலாக வந்தது. அவருக்கே வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

இருளாயி ஜன்னல் கதவை நன்றாகத் திறந்துவிட்டாள்.

"நனையாம கிட்ட வந்து நின்னு சொல்லுங்க" என்றாள்.